தாய்வீட்டு விலாசம்

டொக்டர் ஒரு சொல்லை மட்டும் எழுத விடமாட்டார். "தொடர்பில்லை" என்ற சொல்.

ஆராய்ச்சிப் புத்தகத்தில் ஆளுக்கு ஒரு பக்கம். வந்த நாள், எடுத்த இரத்தம், வந்த எண். ஆள் வராமல் விட்டால் அந்த இடத்தில் "தொடர்பில்லை" என்று எழுதுவது வழக்கமாம். கொழும்பிலிருந்து வந்த இளம் டொக்டர் ஒரு தரம் அப்படி எழுதிவிட்டார். எங்கள் டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதை வாசித்தார்.

"யாருக்குத் தொடர்பில்ல?"

"இவருக்குத்தான் சேர். மூன்று தரம் வரல்ல."

"இவர் பொஞ்சாதியோட கதைக்கிறார். சந்தைக்குப் போறார். கோயில்ல சண்டை பிடிக்கிறார். ஊரில எல்லாரோடயும் இவருக்குத் தொடர்பு இருக்கு. எங்களோடதான் இல்ல. ஆள் தொலையல்ல தம்பி, நாங்க தேடல்ல."

அன்று பின்னேரம் அவரே மோட்டார் சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் இருந்தேன், இரத்தம் எடுக்கும் பெட்டி மடியில். அந்த ஆளைக் கண்டல் காட்டுக்குள் இறால் வலையோடு பிடித்தோம். டொக்டர் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். தோணியின் விளிம்பில் கையை வைக்கச் சொல்லி இரத்தம் எடுத்தார்.

"பொலிசுகூட என்னை இப்பிடித் தேடல்ல ஐயா" என்றான் அவன்.

"பொலிஸ் எதுக்குத் தேடினது?"

"அத விடுங்க" என்றான்.

டொக்டர் சிரித்தார். அவர் சிரிக்கும்போது சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. டொக்டர் மட்டக்களப்பு நகரத்தில், வாவிக்கரையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஆராய்ச்சிக் கிளினிக் நடத்தினார். கூட்டவும் தேத்தண்ணி போடவும் என்னைச் சேர்த்தார்கள். ஒரு நாள் சீனி முடிந்துவிட்டது என்று ஒரு துண்டில் எழுதி வைத்தேன். டொக்டர் அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தார். "இவ்வளவு வடிவா எழுதுறீங்க. நாளையிலிருந்து புத்தகம் உங்கட கையில" என்றார். அன்றிலிருந்து பேர், விலாசம், கடித உறை எல்லாம் நான்தான். எண்களை மட்டும் டொக்டர்மார் எழுதுவார்கள். பதினொரு வருடம்.

அவர் கொழும்பில் பிறந்து வளர்ந்தவர். மூத்திரப்பை, சிறுநீரகம் இவற்றை வெட்டிச் சரிசெய்யும் சத்திரசிகிச்சை நிபுணர். வெட்டுவதில் கை சுத்தம் என்று பேர். ஆனால் அவர் ஆராய்ச்சி செய்தது வெட்டாமல் விடுவதைப் பற்றி.

ஆம்பிளைக்கு மூத்திரப்பையின் கீழே ஒரு சுரப்பி இருக்கிறது. புரொஸ்டேட் என்பார்கள். மேசையில் இரண்டு கொட்டைப்பாக்கு வைத்திருப்பார். ஒன்று சின்னன், ஒன்று பெரிசு. வருகிற ஆளின் உள்ளங்கையில் இரண்டையும் வைத்து விரலை மூடிவிடுவார். "இது இளம் வயசில. இது இப்ப" என்பார். வெற்றிலை போடுகிறவர்கள் பாக்கைத் திருப்பித் தர மறந்து போய்விடுவார்கள். நான் சந்தைக்குப் போகும்போதெல்லாம் பாக்கு வாங்க வேண்டும்.

அந்தச் சுரப்பியில் புற்று வரும். சில புற்று ஓடும். சில புற்று படுத்துக் கிடக்கும், ஆள் கிழடாகி வேறு எதிலோ சாகும்வரை எழும்பாது. படுத்துக் கிடப்பதை வெட்டி எடுத்தால் சிலருக்கு மூத்திரம் நில்லாது. ஆம்பிளைத்தனம் போய்விடும். அதனால் வெட்டாமல் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் இரத்தம், புற்று எப்படி இருக்கிறது என்று அதில் ஒரு எண் வரும். எண் ஏறினால் உடனே பிடிக்க வேண்டும். வெளிநாட்டில் இது நடக்கிறது. வயலும் வாவியுமாய்த் திரிகிற எங்கள் ஆட்களிடம் நடக்குமா? அந்த ஒரு கேள்வியோடுதான் அவர் நரைத்தார்.

"வெட்டினா ஒரு நாள் வேலை. வெட்டாம விட்டா அந்த ஆள் சாகும்வரைக்கும் என்ட கையில" என்பார்.

காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் அண்ணன், நானா என்போம், ஆறு மாதத்துக்கு ஒரு தரம் தவறாமல் வருவார். முதல் வருடம், "வெட்டி எறிங்க டொக்டர், வீட்டுக்குள்ள பாம்ப வெச்சிக்கிட்டு எப்பிடி நித்திர கொள்ற?" என்று அழுதார். டொக்டர் விடவில்லை. பிறகு பிறகு அவரே பழகிவிட்டார். "என்ட பாம்பு எப்பிடி இரிக்கி?" என்று கேட்டுக்கொண்டுதான் படியேறுவார். "படுத்திருக்கு" என்பார் டொக்டர். "நான் ராவைக்கு எத்தின தரம் எழும்புற எண்டு என்ட பொஞ்சாதிக்கும் தெரியா. உங்களுக்கு மட்டும் தெரியும்" என்பார் நானா. அவர் இன்றைக்கும் கடை திறக்கிறார்.

ஆம்பிளைகளிடம் டொக்டர் அறைக்குள் வைத்து அந்தக் கேள்விகளைக் கேட்கமாட்டார். பின்வளவுக்குக் கூட்டிப் போவார். வாவியைப் பார்த்துக்கொண்டு தோளோடு தோள் நிற்பார்கள். "முகத்தைப் பார்த்தா ஆம்பிளை மூத்திரத்தைப் பற்றிக் கதைக்கமாட்டான். தண்ணியைப் பார்த்தாக் கதைப்பான்" என்பார். அங்கே கேட்டது எதையும் எனக்குச் சொல்ல மாட்டார். இளம் டொக்டருக்கும் சொல்ல மாட்டார். எண் மட்டும் புத்தகத்துக்கு வரும்.

கடித உறையிலும் அந்தக் கவனம். சும்மா வரச்சொல்லும் கடிதமும், எண் ஏறிவிட்டது உடனே வா என்னும் கடிதமும் ஒரே மண்ணிற உறையில்தான் போகும். அவசரக் கடிதத்துக்குச் சிவப்புக் கோடு போடலாம் என்று இளம் டொக்டர் சொன்னார். "சிவப்புக் கோடு போட்டா முதல்ல தபால்காரனுக்குத் தெரியும். மறுகா ஊருக்கே தெரியும்" என்று டொக்டர் மறுத்துவிட்டார். பிறகு என்பதற்கு நாங்கள் சொல்லும் "மறுகா" என்ற சொல்லை எங்களிடம் படித்து வைத்திருந்தார்.

விலாசத்துக்கும் ஒரு சட்டம் வைத்தார். ஒரே பேரில் பல ஆட்கள். ஊர்ப் பேரைக் கேட்டால் குறிச்சிப் பேரைச் சொல்வார்கள். ஒரு தரம் ஒரு ஆளின் எண்ணை இன்னொரு ஆளின் பக்கத்தில் எழுதிவிடப் பார்த்தோம். அன்றிலிருந்து, "அடையாள அட்டையில இருக்கிறதை அப்படியே எழுதுங்க. ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம்" என்றார்.

நான் அப்படியே எழுதினேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

இனி என் வீட்டு விசயம் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் மனைவிக்கு ஒரே அண்ணன். எனக்கு மச்சான். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆம்பிளை பெண் வீட்டுக்குப் போய்விடுவான். தாய்வீடு பெண்பிள்ளைக்குச் சீதனம். மச்சான் வாவிக்கு அங்கால், மண்டூரில் பெண் எடுத்துப் போனார். அவர் பிறந்து வளர்ந்த வீட்டில், வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், நான் வந்து இருந்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வாவி. துறையில் பாதை ஓடும். ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றி அக்கரை விடும் மிதவை அது.

எங்கள் மகளின் கலியாணத்துக்கு மச்சான் வரவில்லை. தாய்மாமன் சபையில் நிற்க வேண்டும். மனைவி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். தாலி கட்டும் நேரம் தாண்டப் போகிறது என்று ஐயர் சத்தம் போட்டார். மாமன் முறையில் வேறொருவரைப் பிடித்து நிறுத்தினோம். ஏன் வரவில்லை என்று மச்சான் ஒரு சொல் சொல்லி அனுப்பவில்லை. மனைவியும் கேட்டு அனுப்பவில்லை. அன்றோடு கதை நின்றது.

சில மாதம் கழித்து மச்சான் கிளினிக்குக்கு வந்தார். வரிசையில் இருந்தார். முறை வந்ததும் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"பேர்?" என்றேன்.

சொந்த மச்சானிடம் பேர் கேட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"விலாசம்?"

"ஐடி காட்டில இரிக்கிதானே" என்று அட்டையை மேசையில் வைத்தார்.

அட்டை பதினாறு வயதில் எடுத்தது. அதில் இருந்தது என் வீட்டு விலாசம். எழுதினேன். அவர் அங்கே இல்லை என்பது என்னை விட யாருக்கு நன்றாகத் தெரியும்? இருந்தும் எழுதினேன். சட்டம் அப்படி என்பது ஒன்று. வாய் திறந்து "மண்டூர் விலாசத்தைச் சொல்லுங்க மச்சான்" என்று கேட்க மனம் வராதது இன்னொன்று.

அவரை டொக்டர் பின்வளவுக்குக் கூட்டிப் போனார். யன்னலால் பார்த்தேன். தண்ணியைப் பார்த்துக்கொண்டு இருவரும் வெகுநேரம் நின்றார்கள். ஒரு கட்டத்தில் மச்சான் சால்வையால் முகத்தைத் துடைத்தார். டொக்டர் தோளில் கை வைத்தார்.

மச்சான் போன பிறகு டொக்டர் என்னிடம் கேட்டார். "இவரைத் தெரியுமா?"

"ஊர் ஆள்" என்றேன்.

ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்று இருந்தது. படுத்துக் கிடக்கிற இனம். வெட்ட வேண்டாம், பார்த்துக்கொண்டு இருப்போம் என்று டொக்டர் முடிவெடுத்தார். மச்சான் இரண்டு தரம் ஒழுங்காக வந்து இரத்தம் கொடுத்துப் போனார். நான் பேரைக் கூப்பிடுவேன். அவர் எழும்பிப் போவார். அவ்வளவுதான்.

பிறகு டொக்டர் ஒரு வருடம் வெளிநாடு போனார். ஒரு பல்கலைக்கழகத்தில் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் ஆட்களின் எண்களை எல்லாம் கூட்டிக் கழித்து ஒரு கட்டுரையாக எழுதுவதற்கு. கிளினிக்கை இளம் டொக்டர் பார்த்தார். வராதவர்களைத் தேடிப் போக ஆளில்லை, கடிதம் மட்டும் போனது. அறுவடைக் காலம் என்று மண்டூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு முகாம் போட்டு இரத்தம் எடுத்து வந்தார்கள். மச்சானும் அங்கேதான் இரத்தம் கொடுத்தாராம். நான் போகவில்லை. முடிவும், அடுத்து வர வேண்டிய நாளும் கடிதத்தில் வரும் என்று அங்கே ஆட்களுக்குச் சொன்னார்களாம்.

கொழும்பிலிருந்து முடிவுகள் வந்தன. கடிதங்களை மடித்து ஒட்டி ஒரு கட்டாகத் தந்தார்கள். உறையின் மேல் விலாசம் எழுதியது நான். மச்சானின் உறையிலும் எழுதினேன். என் வீட்டு விலாசத்தை என் கையால் எழுதித் தபாலில் போட்டேன்.

இரண்டு நாளில் அது வீட்டுக்கு வந்தது. மனைவி அதை அலுமாரிக்கு மேலே, பிஸ்கட் டின்னுக்குக் கீழே வைத்தாள்.

"அவருக்கு வேணுமெண்டா வந்து கேட்கட்டும். இது அவர் பிறந்த வீடுதானே. வழி தெரியாதா?" என்றாள்.

வரச்சொல்லும் கடிதந்தானே என்று விட்டேன். எல்லாருக்கும் போகும் மண்ணிற உறைதானே என்று விட்டேன். சில மாதத்தில் இன்னொன்று வந்தது. அதுவும் டின்னுக்குக் கீழே போனது. பிறகு மூன்றாவது. இளம் டொக்டர் போனிலும் எடுத்துப் பார்த்தார். எங்கள் ஆட்கள் சிம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அந்த நம்பர் வேலை செய்யவில்லை.

டொக்டர் திரும்பி வந்தார். பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு நேரே கிளினிக்குக்குத்தான் வந்தார். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். குடிக்கவில்லை. மச்சானின் பக்கத்தில் நின்றார்.

"இந்த எண்ணைப் பாருங்க. மூன்று மடங்கு ஏறியிருக்கு. ஆள் வரல்லையா?"

"மூன்று கடிதம் போட்டோம் சேர்" என்றார் இளம் டொக்டர்.

"கடிதம் போட்டா வேலை முடிஞ்சுதா?" டொக்டர் எழும்பினார். என்னைப் பார்த்தார். "வாங்க. போய்த் தேடுவம். விலாசத்தைச் சொல்லுங்க."

நான் நின்ற இடத்தில் நின்றேன்.

"என்ன?"

"அது என்ர வீடு சேர்."

அவருக்கு விளங்கவில்லை. "உங்கட வீட்டிலயா இவர் இருக்கிறார்?"

"இல்ல. மண்டூரில. பொஞ்சாதி வீட்டில. என்ர வீடு அவர்ர தாய்வீடு. நான் அவர்ர தங்கச்சியைத்தான் முடிச்சிரிக்கன்."

"அப்ப ஏன் இந்த விலாசம்?"

"காட்டில இரிக்கிறது இதுதான். காட் கலியாணத்துக்கு முன்னம் எடுத்தது."

டொக்டர் மெல்லக் கதிரையில் இருந்தார். புத்தகத்தின் பக்கங்களைத் திருப்பினார். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. விரல் விலாசங்களின் மேல் போனது.

"இவர்?"

"இவரும் தாய்வீட்டு விலாசந்தான்."

"இவர்?"

"ஓம்."

"எத்தனை பேர் இப்படி?"

"கலியாணம் முடிச்ச கனபேர், சேர். கொஞ்சப் பேர்தான் பிறகு மாத்தி எடுத்தாங்க."

அவர் புத்தகத்தை மூடினார்.

"இத்தனை வருசம் ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"நீங்க கேட்கல்ல. காட்டில இரிக்கிறதை எழுதச் சொன்னீங்க."

அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். "ஓம். சொன்னன்" என்றார். பிறகு கேட்டார்: "அந்த மூன்று கடிதமும்?"

"வீட்டில கிடக்கு."

இரத்தப் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு நடந்தார்.

அன்று பாதையில் வாவியைக் கடந்தோம். டொக்டர் விளிம்பில் நின்று தண்ணியைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில் போய் நிற்கவில்லை.

மச்சான் முற்றத்து நிழலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். பக்கத்தில் ஒரு தடி. ஆள் பாதியாகிவிட்டார். அவர் மனைவி, மச்சாள், ஓடி வந்து ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

"என்ன மச்சான், வழி தெரிஞ்சிதா?" என்றார் என்னைப் பார்த்து. சிரிக்கத்தான் பார்த்தார்.

"தெரிஞ்சிது" என்றேன்.

டொக்டர் அவரை வேலிப்பக்கம் கூட்டிப் போகக் கை கொடுத்தார். அங்கால் வட்டை தெரியும். அறுத்த வயல். மச்சானால் எழும்ப முடியவில்லை. முதுகு விடவில்லை. அதனால் டொக்டர் கதிரைக்குப் பக்கத்தில் மண்ணில் இருந்தார். இருவரும் வயலைப் பார்த்தார்கள்.

"எவ்வளவு நாளா நோகுது?"

"போன விதைப்பிலயிருந்து. வேல செஞ்ச நோவாக்கும் எண்டு நினைச்சன்."

"ஏன் வரல்ல?"

"கடிதம் வரும் எண்டாங்க. வரல்ல. வராட்டி நல்லந்தானே, ஒண்டும் இல்லயாக்கும் எண்டு சந்தோசமா இருந்தன்."

டொக்டர் ஒரு புல்லைப் பிடுங்கினார். "கடிதம் போட்டோம். பிழையான வீட்டுக்குப் போட்டோம். அது என்ட பிழை."

"எந்த வீட்டுக்கு?"

டொக்டர் என் பக்கம் திரும்பவில்லை. "பிழையான வீட்டுக்கு" என்று திரும்பவும் அதையே சொன்னார். "கையை நீட்டுங்க, இரத்தம் எடுப்பம்."

டொக்டர் மச்சாளோடு உள்ளே போய்ப் பழைய மருந்துத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம், மச்சான் என்னைக் கிட்ட வரச்சொன்னார்.

"தங்கச்சி இன்னும் கோவமா?"

நான் தடியை எடுத்து அவர் கைக்கு எட்டச் சாத்தினேன்.

"நான் வெளிக்கிட்டன் மச்சான். வெள்ள வேட்டி கட்டி, மாலையும் வாங்கிக்கொண்டு துறைக்கு வந்தன். பாதை வரச் சுணங்கிச்சு. எனக்கு அந்த நேரம் மூத்திரம் அடக்க ஏலா. நிண்ட இடத்திலயே போயிற்று. சனம் பார்த்துக்கொண்டு நிக்கிது. அந்தக் கோலத்தில சபையில வந்து நிக்க ஏலுமா? மாலைய வாவிக்குள்ள போட்டுட்டுத் திரும்பிட்டன்."

"சொல்லி அனுப்பி இரிக்கலாமே."

"எப்பிடிகா சொல்ற?" என்றார். "டொக்டருக்கு மட்டுந்தான் சொன்னன்."

யன்னலால் நான் பார்த்தது அது. டொக்டருக்கு அப்போதே தெரியும், யாருடைய கலியாணம் என்பது மட்டும் தெரியாது. ஊர் ஆள் என்று சொன்னது நான்.

வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கதிரையில் ஏறி உறைகளை எடுத்தாள். ஒன்றை உடைத்தாள். நாலு வரிதான். கடைசி வரி "தாமதியாது உடன் வரவும்." மற்ற இரண்டையும் அவள் உடைக்கவில்லை. அடுத்த நாள் முதல் பாதையில் சோறும் மீன் சொதியும் கட்டிக்கொண்டு மண்டூர் போனாள். அண்ணன் சாகும்வரை போய்க்கொண்டே இருந்தாள்.

புற்று எலும்புக்குப் போய்விட்டது. வெட்டும் காலம் தாண்டிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. டொக்டரே மண்டூருக்குப் போய்ப் போட்டார். ஒரு நாள் மனைவி அவரைத் துறையில் மறித்தாள்.

"கடிதம் எங்கட வீட்டிலதான் கிடந்தது எண்டு அண்ணனுக்குச் சொல்லட்டா டொக்டர்? எனக்கு நெஞ்சு வெடிக்கப் போகுது."

டொக்டர் பெட்டியைக் கீழே வைத்தார். "சொன்னா அவர்ர நோவு குறையும் எண்டா சொல்லுங்க. உங்கட நோவுதான் குறையும் எண்டா என்னட்டச் சொல்லுங்க. நான் கேட்கிறன்."

அவள் சொல்லவில்லை. பாதை வரும்வரை டொக்டர் அவளுக்குப் பக்கத்தில் தண்ணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வருடம் சனி ஞாயிறு எல்லாம் டொக்டரும் நானும் ஊர் ஊராய்த் திரிந்தோம். ஒவ்வொரு தாய்வீட்டுக்கும் போய்க் கேட்போம். பிறகு பெண் வீட்டைத் தேடிப் போவோம். வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் புழுதி எல்லாம் எங்கள் உடுப்பில். பல பேர் சுகமாய் இருந்தார்கள். பாம்பு படுத்துத்தான் கிடந்தது. ஆனால் மச்சானைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள். சிலரின் வீட்டில் படத்துக்கு மாலை போட்டிருந்தது. டொக்டர் ஒவ்வொரு வீட்டிலும் அதே வசனத்தைச் சொன்னார். "கடிதத்தைப் பிழையான வீட்டுக்குப் போட்டோம். அது என்ட பிழை." எத்தனை வாசலில் சொன்னார் என்று எனக்கு ஞாபகமில்லை. ஒரு வாசலில்கூட "இவன் எழுதினான்" என்று சொல்லவில்லை.

வெளிநாட்டில் எழுதிய கட்டுரை அச்சுக்குப் போக இருந்தது. அங்கே இருந்த கூட்டாளிகள் போனில் எடுத்தார்கள். இங்கிலீசில் கதைத்தார்கள். எனக்கு விளங்கவில்லை, ஆனால் கெஞ்சுகிறார்கள் என்று குரலில் தெரிந்தது. இளம் டொக்டர் பிறகு சொன்னார். வராத ஆட்களுக்கு நேரே "தொடர்பில்லை" என்று ஒரு சொல் போட்டால் போதுமாம். உலகம் ஒத்துக்கொள்ளுமாம். டொக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் கடிதங்கள் ஆட்கள் இல்லாத வீடுகளுக்குப் போயின, அதனால் இன்னார் இன்னார் செத்தார்கள் என்று எழுதினார். கூட்டாளிகள் கட்டுரையிலிருந்து தங்கள் பேரை எடுத்துவிட்டார்கள். அனுப்பிய இடத்திலிருந்து கட்டுரை திரும்பி வந்தது. அவர் திரும்பவும் அனுப்பினார். திரும்பவும் வந்தது. வெட்டாமல் பார்க்கலாம் என்று காட்ட வந்த மனிசன். நானாவைப் போல எத்தனையோ பேர் வெட்டுப்படாமல் நடந்து திரிகிறார்கள். அது எந்தப் புத்தகத்திலும் வரவில்லை.

மச்சான் ஒரு மாரி முடிவில் போனார். மூத்த மகன் கட்டாரிலிருந்து வந்திருந்தான். செத்தவீட்டுக்கு டொக்டர் வெள்ளைச் சேட்டுப் போட்டு வந்தார். சவத்துக்கு முன்னால் கை கூப்பி நின்றார். தலைமாட்டில் என் மனைவி இருந்தாள். மகன் எழும்பி வந்தான்.

"நீங்கதானே கடிதத்தப் பிழையான வீட்டுக்குப் போட்டது?"

"ஓம்" என்றார்.

"மறுகா என்ன முகத்தோட இஞ்ச வந்த?"

மனைவி வாயைச் சீலையால் பொத்திக்கொண்டாள். நான் இரண்டடி தள்ளி நின்றேன். ஒரு சொல் போதும். எனக்கு வாய் இருந்தது. டொக்டர் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். வேண்டாம் என்று.

அவர் தலையாட்டியது எனக்கு வசதியாகப் போய்விட்டது.

"பார்க்க வந்தன் தம்பி" என்றார் அவனிடம்.

"பார்த்தாச்சு. போங்க."

அவர் போனார். துறைவரை தனியே நடந்து போனார். நான் பின்னால் போகவில்லை. சபையில் மச்சான் முறைக்கு வேலை இருந்தது. அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் கனகாலம் இங்கே இருக்கவில்லை. கிளினிக்கை மூடினார். புத்தகங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனார். போகிற அன்று என் கையைப் பிடித்து, "நல்ல எழுத்து. விட்டுடாதீங்க" என்றார்.

போன மாதம் நானா போன் எடுத்து அழுதார். டொக்டர் செத்துப்போனாராம். நெஞ்சு நோவாம். நான் அதை வீட்டில் சொன்னபோது மச்சானின் அந்த மூத்த மகனும் இருந்தான். இப்போது அவன் ஊரோடுதான் இருக்கிறான், எங்களில் பட்சமானவன், மாமிக்கு மருந்து வாங்கித் தருகிறவன்.

"நல்லம்" என்றான். "அப்பாவைக் கொன்ற ஆள்."

மனைவி எழும்பிக் குசினிக்குள் போனாள்.

அதனால்தான் எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லை. உறைகளில் விலாசம் எழுதின கை இது.

மருமகன், நீ இதை வாசிப்பாய். அந்தப் பிழையான வீடு எங்கள் வீடு. நீ வந்து சோறு தின்கிற வீடு. விலாசத்தை எழுதியது நான். கடிதம் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு இருந்ததும் நான். உன் மாமியை ஏசாதே, அவள் உன் அப்பாவில் வைத்த பாசத்தில் கோவித்தவள். பந்தலில் நீ துரத்திய மனிசன் எங்களுக்காகத்தான் வாய் மூடிக்கொண்டு போனார்.

இரண்டு உறை இன்னும் உடைக்காமல் இருக்கின்றன. உன் அப்பாவின் பேர் எழுதியிருக்கிறது. அவை இனி உனக்குரியவை. வந்து எடுத்துக்கொள். அதற்குப் பிறகும் இந்த வீட்டு வாசலை மிதிப்பதா இல்லையா என்பது உன் விருப்பம்.